லிவியாவின் விரதச் சமையல்

மார்ச் 25, திங்கட்கிழமை. பங்குனி உத்தரம்.

காலை 4.40க்கு எழுந்தேன். தலைக்குக் குளித்தேன். நான் இருக்கும் கார்ஜில் 5.31 ரயில் இரண்டு நிமிடம் பிந்தி வந்தது. தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடைக் கதவை 6.10க்குத் திறந்தேன். குளிர்பெட்டிகள் மூன்றின் வெப்பநிலையையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றினேன். 6.25க்கு அரிசியைக் களைந்து ஊறவைத்தேன்.

அன்று கோயிலுக்கு எண்பது பேருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டியிருந்தது. பதினொன்றரைக்கு வாகனம் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தின் முதல் பதினொரு வரிகள் இப்படித்தான் போகின்றன. எந்த நாளைத் திருப்பினாலும் ஏறக்குறைய இவையே இருக்கும். பன்னிரண்டாவது வரி மட்டும் வேறு: "9.46. போறணைக்குள் மீன்."

கடையும் போறணையும்

எங்களுடையது சைவச் சாப்பாட்டுக் கடை. உரிமையாளர் நாகேஸ் அண்ணை. அறுபத்து மூன்று வயது. நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய குசினிக்குள், அதாவது சமையலறைக்குள், இறைச்சி, மீன், முட்டை எதுவும் நுழைந்ததில்லை. ஒருமுறை பிறந்தநாள் கேக்கோடு வந்த பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"முட்டை போட்டதோ? அப்ப வெளியிலை வைச்சு வெட்டுங்கோ. நானும் வந்து கை தட்டுறன்."

சொன்னபடியே நடைபாதைக்கு வந்து கை தட்டினார்.

நான் அங்கே சமையலுக்கு உதவி. பதிவேடுகளும் என் பொறுப்பு. பாண் ரொட்டி சுடும் பெரிய போறணை அடுப்பை ஒபர்வில்லியேயில் மூடப்பட்ட ஒரு வெதுப்பகத்திலிருந்து நாங்கள் கொண்டுவந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைத் திறமாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் எங்களில் யாரும் இருக்கவில்லை, லிவியா வரும்வரை.

லிவியா வந்தது

லிவியா ருமேனியாக்காரி. வடகிழக்கில் ஒரு சிறிய ஊர். இங்கே திரான்சியில் இருக்கிறார். எங்களிடம் மரக்கறி வெட்டவும் பாத்திரம் கழுவவும் வந்தவர். அதற்கு முன்னரும் அதனோடு சேர்த்தும் இரண்டு அலுவலகங்களில் விடியற்காலையில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். அவர் பிரெஞ்சும் என் பிரெஞ்சும் ஒரே அளவுக்கு மோசம் என்பதால் நாங்கள் நன்றாகப் பேசிக்கொள்வோம். அவர் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

வந்த முதல் வருடத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்தில் சுருள்கள், நெருக்கமாக, ஒரே அளவில், அளவுகோல் வைத்து அடுக்கியதைப் போல. எனக்கு அந்த ஒழுங்கு முதலில் பிடித்தது. ருசி பிறகுதான்.

புளிக்கவைத்த கோவா, அதாவது முட்டைக்கோஸ் இலைக்குள் அரிசி, காளான், வெங்காயம், கரட், சதகுப்பைக் கீரை. சுருட்டிய பிறகு சட்டியின் அடியில் கோவாவைத் தூவி, மேலே சுருள்களை வட்டமாக அடுக்கி, மறுபடி கோவாவால் மூடி, நான்கு மணி நேரம் மெல்லிய நெருப்பில் விடுவாராம். சர்மாலே என்று பெயர். ஈஸ்டருக்கு முந்திய நீண்ட விரதத்தில் இறைச்சி இல்லாமல் செய்வார்களாம்.

விரதம்! இந்த நாட்டில் அந்தச் சொல்லை விளக்கி நான் களைத்துப்போனவள். வந்த புதிதில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தபோது, கந்தசஷ்டி ஆறு நாளும் நான் பகலில் சாப்பிடாததைப் பார்த்து முதலாளி அம்மா என்னை வைத்தியரிடம் அனுப்பினார். விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்ட முதல் ஆள் லிவியா. அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சுருளை நாகேஸ் அண்ணையிடம் கொண்டுபோனேன்.

"மச்சம் இல்லையோ? இறைச்சி, மீன்?"

"விரதச் சாப்பாடாம் அண்ணை."

நின்றபடி சாப்பிட்டார். இரண்டாவதை எடுத்தார்.

"தூள் இல்லை. மிளகாய் இல்லை. தாளிக்கவும் இல்லை. பிறகெப்பிடி இவ்வளவு ருசி?"

"நாலு மணித்தியாலம் வைக்கிறவவாம்."

"நாங்கள் நாலு மணித்தியாலம் வைச்சா அடிப்பிடிக்கும்" என்று மூன்றாவதை எடுத்தார்.

அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கடைப் பலகையில் ஒரு வரி கூடியது: "லிவியாவின் விரதச் சாப்பாடு". முதல் வெள்ளி நாற்பது சுருள், ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. பலகையில் தன் பெயரை லிவியா கைப்பேசியில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். இலையுதிர்காலத்தில் ஒரு துப்புரவு வேலையை விட்டார். இந்த மார்ச் தொடக்கத்தில் மற்றதையும் விட்டார். இனி வெள்ளிக்கிழமையும் எங்கள் குசினியும்தான் அவருக்கு.

நூலால் வெட்டுவது

அவர் கையால் சாப்பிட்டவற்றைத் தனிக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று வகை. எல்லாவற்றையும் இங்கே எழுத இடமில்லை. சிலவற்றை எழுதாமலும் இருக்க முடியாது.

மமலிகா. சோளமாக் களி. கொதிக்கும் தண்ணீரில் மாவைத் தூவித் துடுப்பால் கிண்டி, இறுகியதும் சட்டியை மரப்பலகையில் ஒரே மூச்சில் கவிழ்ப்பார். மஞ்சள் நிலவு போல் உட்காரும். அதைக் கத்தியால் தொடமாட்டார். ஒரு நூலை அடியில் செலுத்தி, இரண்டு முனையையும் மேலே இழுப்பார். துண்டு ஒரு துகள் உதிராமல் பிரிந்து வரும். முதன்முதலில் பார்த்தபோது வேலையை நிறுத்திவிட்டு "இன்னொருக்கா" என்று கேட்டேன். சின்னப்பிள்ளைக்குக் காட்டுவது போல மறுபடியும் வெட்டிக் காட்டினார்.

சக்குஸ்கா. கத்தரிக்காயையும் சிவப்புக் குடைமிளகாயையும் தணலில் சுட்டு, தோலுரித்து, வெங்காயம் தக்காளியோடு எண்ணெயில் வதக்கிப் போத்தலில் அடைப்பது. எங்கள் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். நாங்கள் அதே நேரம் தின்று முடிப்பதை அவர்கள் செப்டம்பரில் செய்து மார்ச் வரை காப்பாற்றுகிறார்கள். போத்தல் ஒவ்வொன்றிலும் அடைத்த திகதி எழுதியிருக்கும். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது என்று சொன்னாலும் தவறில்லை.

கொசொனாக். இதை எங்கள் கடையில் செய்ய வழியில்லை. பாலும் முட்டையும் போட்ட இனிப்புப் பாண், உள்ளே வால்நட்டும் கொக்கோவும். சென்ற ஈஸ்டருக்கு முதல்நாள் அவருடைய திரான்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மணியடித்தேன். கதவு நான்கு விரல் மட்டும் திறந்தது.

"கெதியா வா! காத்து வரப்போகுது!"

யன்னல் எல்லாம் பூட்டு. சூடு அதிகபட்சம். குழைத்த மா, போர்வைக்குள் கட்டிலில் படுத்திருந்தது. அவருடைய கணவரும் இரண்டு மகள்களும் காலணி இல்லாமல் பூனை நடை நடந்தார்கள். தும்மல் வந்த கணவர் குளியலறைக்கு ஓடினார். மா இருமடங்கானதும் லிவியா அதை மேசையில் அடித்துப் பிசைந்தார். மூன்று புரியாகத் திரித்தார். வெந்து வந்ததைக் கையால் பிய்த்தபோது நார் நாராக, பஞ்சுமிட்டாய் போல நீண்டு வந்தது. நான் நல்ல பாண் செய்கிறவர்கள் நிறைந்த நகரத்தில் முப்பது வருடம் இருக்கிறேன். இப்படி ஒன்று சாப்பிட்டதில்லை.

நான் எழுதாமல் விட்டது

லிவியா சேர்ந்த முதல் வாரம் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். குசினிக்குள் வரக்கூடாதவை: இறைச்சி, முட்டை. மீனை எழுதவில்லை. சைவக் குசினிக்கு யாராவது மீன் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு தொடங்கிய நாட்களில், ஒவ்வொரு பொருளுக்கும் அவர் வந்து "இது வைக்கலாமா, அது வைக்கலாமா" என்று கேட்பார். ஒருநாள் வேலை நெருக்கத்தில் சொன்னேன்:

"நீ விரதத்திலை சாப்பிடுற எதையும் இந்தப் போறணையிலை வைக்கலாம். ஒவ்வொரு முறையும் கேக்கத் தேவையில்லை."

சொன்ன திகதிகூட என்னிடம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு விஷயம், பார்த்தும் கேட்காமல் விட்டது. அவருடைய விரத வாரங்களில் எங்கள் தயிர்ச்சாதத்தை லிவியா தொடமாட்டார். "பசியில்லை" என்பார். நான் குறித்து வைத்தேன்: "லிவியாவுக்குத் தயிர் பிடிக்காது."

9.46

பங்குனி உத்தரத்துக்கு வருகிறேன்.

8.50க்குச் சர்க்கரைப் புக்கை இறங்கியது. தமிழகத்தில் சர்க்கரைப் பொங்கல் என்பார்கள். அடுப்பு எல்லாவற்றிலும் கறிகள் இருந்தன. புக்கை ஆறாமல் இருக்க வேண்டும் என்று, பானையை இறுக மூடிப் போறணையின் கீழ்த்தட்டில் குறைந்த சூட்டில் வைத்தேன். நாகேஸ் அண்ணை அப்போது முன்கடையில் இருந்தார், பார்க்கவில்லை. 9.15க்குச் சாப்பாட்டுப் பெட்டிகள் போதாதென்று வாங்கப் போனார். நான் பருப்பு எடுக்கக் கீழறைக்கு இறங்கினேன். லிவியா வழக்கம்போல 9.30க்கு வந்திருக்கிறார்.

மேலே ஏறும்போது வாசனை வந்தது. எண்ணெயில் சுருண்ட வெங்காயம், தக்காளி, பிரிஞ்சி இலை, மிளகு, எலுமிச்சை. "என்ன அருமை" என்றுதான் முதலில் நினைத்தேன். அதை மறைக்கப் போவதில்லை. இன்னும் மூன்று படி ஏறியபோது அந்த வாசனைக்கு அடியிலிருந்து மற்றது வந்தது.

போறணையின் மேல்தட்டில் ஒரு தட்டம். அதில் வெங்காயப் படுக்கையில் நான்கு முழு மீன்கள்.

லிவியா நல்ல சட்டை போட்டு, தோடு போட்டு நின்றார்.

"சாந்தா! இண்டைக்கு எங்களுக்குப் பெரிய நாள். மாதாவுக்குத் தேவதூதர் சேதி சொன்ன நாள்."

"லிவியா, இது மீன்."

"ஓம்! விடிய நாலு மணிக்கு எழும்பிச் செய்தனான். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு இல்லாட்டி உனக்குச் சோறு இறங்காதெண்டு சொன்னனீ. எல்லாரும் மத்தியானம் சாப்பிடுவம்."

"விரதத்திலை மீனா?"

"இண்டைக்கு விடுதலை. ஏழு கிழமையிலை ரெண்டே ரெண்டு நாள்தான்."

"இந்தக் குசினிக்குள்ளை மீன் வரக்கூடாது, லிவியா."

அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழாக வாசித்தார்.

"எழுதேல்லையே."

அவர் முகம் மெல்ல மாறியது.

"நீங்கள் விரதத்திலை பால் விடுறியள். நெய் விடுறியள். தயிர் சாப்பிடுறியள். நான் ஒருநாளும் வாய் திறக்கேல்லை. உங்கடை கடவுளுக்கு இளகின மனம் எண்டு நினைச்சன். மீனுக்குக் கோவிக்கிறவர் எண்டு எனக்குத் தெரியாது."

அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது, தயிர் அவருக்குப் பிடிக்காமல் இல்லை. அவர் விரதத்தில் பால், நெய், தயிர் எல்லாம் விலக்கு. நான் அவருக்கு முன்னால் வாரக்கணக்காக அவற்றை நீட்டியிருக்கிறேன்.

10.05க்கு நாகேஸ் அண்ணை வந்தார். வாசலிலேயே நின்றார். பெட்டிகளை வெளியே வைத்தார். யார், ஏன் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"போறணைக்குள்ளை வேறை என்ன இருந்தது?"

பானை இறுக மூடியிருந்தது. அதற்குள் புக்கை இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றுமில்லை என்றால் எல்லாம் நேரத்துக்குப் போகும்.

"புக்கை, அண்ணை. கீழ்த்தட்டிலை. மூடித்தான் இருந்தது."

"மூடியிருந்தாலும் சாமிக்குப் போறது."

"பிழை என்ரை, அண்ணை. மீனை நான் எழுதேல்லை. கேக்காமல் வைக்கலாமெண்டு சொன்னதும் நான்தான்."

"அது பிறகு. இப்ப அரிசியைப் போடு. அவவை வெளியிலை நிக்கச் சொல்லு."

லிவியா சமையல் மேலங்கியைக் கழற்றி மடித்தார். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனார். யன்னலுக்கு வெளியே நின்று என்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல்:

"வெள்ளிக்கிழமை?"

நான் அரிசியை எடுக்கத் திரும்பினேன்.

எண்பத்தைந்து நிமிடம்

அரிசி கழுவினேன். அண்ணை பயறு வறுத்தார். நான் சர்க்கரை காய்ச்சினேன். 10.40க்கு அவர் நிமிர்ந்தார்.

"கஜு உடைக்க ஆளில்லை."

"நான் செய்யிறன்."

"உனக்கு எத்தினை கை?" யன்னலைப் பார்த்தார். "கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லு. வெளி மேசையிலை இருந்து உடைக்கட்டும்."

லிவியா உடைத்துத் தந்த கஜு முந்திரியில் ஒன்றுகூட நொறுங்கவில்லை. எல்லாம் சரிபாதி.

11.28க்குப் புக்கை பெட்டிகளில். 11.35க்கு வாகனம். "சுடச்சுட இருக்கு, மூடியைக் கெதியாத் திறவாதேங்கோ" என்று மட்டும் அண்ணை கோயில்காரரிடம் சொன்னார்.

12.20க்கு மிசியே அந்துவான் வந்தார். புதுச்சேரிக்காரர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர், வெள்ளிக்கிழமை தவறாமல் ஆறு சர்மாலே வாங்குபவர். வாசலில் மூக்கை உயர்த்தினார்.

"போன்ழூர் மதாம். இன்னா வாசன இது? நான் வேற கடைக்கு வந்துட்டனா?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

"விரதத்துல மீனு ஒரு தப்பா? தவக்காலத்துல வெள்ளிக்கிழமன்னா எங்க வீட்ல மீன் கொழம்புதான். எங்கம்மா வஞ்சிரத்துக்காகவே வெள்ளிக்கிழமய எதிர்பாப்பாங்க."

"உங்களுக்கும் மீன் மச்சமில்லையோ?" நாகேஸ் அண்ணை உள்ளேயிருந்து கேட்டார்.

"கறி வேற, மீனு வேற, மிசியே நாகேஸ்."

அண்ணை கரண்டியை வைத்தார். "அப்ப எல்லாரும் விரதம். ஒருத்தர் பால் குடிக்கிறார், மீன் இல்லை. ஒருத்தர் மீன் தின்னுறார், பால் இல்லை. இன்னொருத்தர் ரெண்டும்."

"அந்த ரெண்டும் நாந்தான்" என்றார் மிசியே அந்துவான். "அந்தத் தட்ட கொட்டிடாதீங்க. எங்கிட்ட குடுங்க."

லிவியாவிடம் போய்த் தட்டத்தை வாங்கிக்கொண்டு, அவர் கையைக் குலுக்கி, பிரெஞ்சில் திருநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அன்று லிவியாவுக்கு அந்த வாழ்த்தைச் சொன்னவர் மிசியே அந்துவான் ஒருவர்தான். எனக்கு அதுவும் தோன்றவில்லை.

ஒரு கிண்ணம் புக்கை

முதல் புக்கை மிச்சம் இருந்தது, ஒரு பானை. கொட்டுவதா என்று கேட்டேன்.

"சாமிக்குத்தான் ஆகாது. சனத்துக்கு ஆகும்."

வாசலில் மேசை போட்டு, மெத்ரோவுக்குப் போகிறவர்களுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தோம். முதல் கிண்ணத்தை அண்ணை தானே நிரப்பிப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன்.

"இந்தாங்கோ பிள்ளை."

லிவியா கிண்ணத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்தார்.

"மன்னியுங்கோ. நெய். பால். விரதம்."

அண்ணை கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றார்.

"விடிய நாலு மணிக்கு எழும்பினவ எண்டாய். ஏதும் சாப்பிட்டவவோ?"

"இல்லை அண்ணை. அந்த மீனைத்தான் எங்களோடை சாப்பிட இருந்தவ."

அண்ணையும் அன்று மாலைவரை ஒன்றும் சாப்பிடாத விரதம். கிண்ணத்தைப் பார்த்தார், லிவியாவைப் பார்த்தார்.

"வேலை போகப்போகுதெண்டு பயந்துகொண்டு நிக்கிறா. முதலாளி நான் கையாலை தாறன். வேண்டாமெண்டுறா" என்றார் என்னிடம்.

"ஓம் அண்ணை."

"ம்" என்று உள்ளே போய்விட்டார்.

1.30லிருந்து 3.40 வரை லிவியா போறணையைத் தேய்த்தார். தட்டுகளைக் கழற்றி, மூலைகளைத் துணி சுற்றிய குச்சியால் துடைத்தார். முடிந்ததும் அண்ணை மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வரச் சொல்லு."

வேறொன்றும் சொல்லவில்லை. நான் மொழிபெயர்த்தேன். லிவியா தன் சமையல் மேலங்கியையும் கத்தியையும் பெரிய சட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வரப்போவதில்லை என்று நினைக்கிறவர்கள்தான் அப்படி எடுத்துக்கொண்டு போவார்கள்.

மறுநாள்

மார்ச் 26, செவ்வாய். நான் ஒரு ரயில் முந்திப் போனேன். 5.40க்கு அங்கே நின்றேன். கடைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. நாகேஸ் அண்ணை குளித்து, திருநீறு பூசி, போறணைக்கு முன்னால் ஒரு முக்காலியில் விளக்கு வைத்திருந்தார். கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது.

5.58க்கு லிவியா வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்றார்.

"கழுவின அடுப்பிலை முதல்ல பால் பொங்க வைக்கிறது எங்கடை வழக்கம்" என்றார் அண்ணை. "அவ பால் தொடமாட்டா. ஆனபடியால் கேள்: பால் இல்லாமல், முட்டை இல்லாமல், மீன் இல்லாமல் அவவுக்கு என்ன சுடத் தெரியும்?"

மீன் இல்லாமல் என்பதை நான் இரண்டு தரம் சொன்னேன்.

லிவியா பையைக் கீழே வைத்தார்.

"மா. தண்ணி. உப்பு" என்றார், தமிழில்.

ஈஸ்ட் போடாத தட்டைப் பாண். மாவைக் கொட்டிக் குழி செய்தார். தண்ணீரை என்னை ஊற்றச் சொன்னார். பிசைந்து, வட்டமாக்கி, முள்ளுக்கரண்டியால் ஓரம் முழுவதும் ஒரே இடைவெளியில் குத்தினார். உள்ளே வைக்கும் நேரம் விலகி நின்று அண்ணையைப் பார்த்தார்.

"அவவே வைக்கட்டும்" என்றார் அண்ணை.

6.24க்கு லிவியா பாணை உள்ளே தள்ளிக் கதவை மூடினார். அன்று கடையில் நடந்த முதல் வேலை அதுதான். அண்ணை கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். மா மெல்ல நிறம் மாறுவதிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னார்:

"வெள்ளிக்கிழமைக்குப் புளிச்ச கோவா எத்தினை வேணுமெண்டு கேட்டு எழுது."